ட்ரோன் வாங்கியாச்சு, கூட என்னென்ன வாங்கலாம்?

அக்கா மகன் போன மாதம் ஒரு சின்ன கேமரா ட்ரோன் வாங்கினான். சோழவந்தானில் வீடு. வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் வெற்றிலைக் கொடிக்கால், அப்புறம் வைகை. பறக்கவிட்டுப் பழக இதைவிட நல்ல இடம் அமையாது. பெட்டியைப் பிரித்த அன்று ராத்திரியே வாட்ஸாப்பில் ஒரு பட்டியல் அனுப்பினான். கீழே ஒரே ஒரு கேள்வி: "மாமா, இதெல்லாம் ஆர்டர் போட்டுரவா?" பதினாலு பொருள். கூட்டிப் பார்த்தேன், ட்ரோன் விலையில் பாதியைத் தாண்டியது.

அந்தப் பதினாலில் ஆறு பொருள் ஏற்கெனவே என் வீட்டுப் பரணில் தூங்குகின்றன. ட்ரோன் வாங்கிய புதிதில் நானும் யாரையும் கேட்காமல் இதே மாதிரி வாரிக் குவித்தவன்தான். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் அது நீண்டுகொண்டே போனது. புதிதாக ட்ரோன் வாங்கியவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதானே, கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

எந்தத் துணைப்பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இது ட்ரோனோடு மேலே ஏறுமா, தரையிலேயே இருக்குமா? தரையில் இருக்கிற பொருள் பெரும்பாலும் காசை மட்டும்தான் தின்னும். மேலே ஏறுகிற பொருள் காசோடு சேர்த்துப் பறக்கும் நேரத்தையும் தின்னும்.

ஏன் என்று பார்ப்போம். பைக்கின் பின்னால் ஒரு அரிசி மூட்டையைக் கட்டினால் வண்டி கிளம்பும்போது திணறும், ஆனால் சிக்னலில் நிற்கும்போது அந்த மூட்டைக்காகப் பெட்ரோல் செலவாகாது. பாரத்தைத் தரை தாங்கிக்கொள்கிறது. ட்ரோனுக்கு அந்தத் தரை கிடையாது. அந்தரத்தில் சும்மா நின்றாலும், நாலு இறக்கையும் ஒவ்வொரு நொடியும் காற்றைக் கீழே தள்ளித்தான் அதன் முழு எடையையும் தூக்கிப் பிடிக்க வேண்டும். எடை கூடினால் மின்சாரச் செலவு அதே விகிதத்தில் கூடுவதில்லை, அதைவிட வேகமாகக் கூடுகிறது. 250 கிராம் ட்ரோனில் 50 கிராம் பொருளை மாட்டினால் எடை 20 சதவீதம்தான் ஏறுகிறது. ஆனால் அந்தரத்தில் நிற்கத் தேவையான சக்தி கணக்குப்படி 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். பறக்கும் நேரத்தில் ஏறக்குறைய கால்வாசி காலி. இருபது நிமிடம் பறந்தது பதினைந்தில் இறங்கிவிடும்.

எடைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை உள்ளது நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. ஏற்றியிருக்கும் பொருளையும் சேர்த்துத்தான் அந்த எடை. உங்கள் ட்ரோன் 249 கிராம் என்றால் அந்த ஒரு கிராம் இடைவெளியைக் கம்பெனிக்காரன் எவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். நாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தை மாட்டியதும் அது போச்சு. நானோவுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமில்லை, அந்த ட்ரோன் மாடலுக்கு அரசு தரும் வகைச் சான்றிதழும் தேவையில்லை. மைக்ரோவுக்கு வந்துவிட்டால் இந்தச் சலுகைகள் அப்படியே கூட வராது. இரண்டுக்குமே, தொழிலுக்கு அல்லாமல் பொழுதுபோக்காகப் பறக்கவிட்டால் ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை என்பது ஒரு ஆறுதல்.

சரி, இனி பொருளுக்கு வருவோம்.

பேட்டரிதான் முதல் செலவு

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் கூடுதல் பேட்டரி வாங்குங்கள். மேலே ஏறுகிற பொருள்தான், ஆனால் ஒன்றைக் கழற்றிவிட்டுத்தான் இன்னொன்றை மாட்டப் போகிறோம் என்பதால் எடை கூடாது.

பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். அது காற்றே இல்லாத இடத்தில், ஒரே சீரான வேகத்தில், பேட்டரி சொட்டு மிச்சமில்லாமல் தீரும் வரை பறக்கவிட்டு எடுத்த கணக்கு. நாம் அப்படிப் பறக்கவிடுவதில்லை. 25 சதவீதம் வந்ததும் திரும்பி வந்துவிட வேண்டும், நடுவில் எதிர்காற்று இருக்கும், ஏறி இறங்கவே மூன்று நான்கு நிமிடம் போகும். கையில் நிற்பது இருபது நிமிடம், நல்ல நாளில் இருபத்திரண்டு. கண்மாய்க்கரை வரை பைக்கில் போய், வெளிச்சத்துக்குக் காத்திருந்து, இருபது நிமிடத்தில் மூட்டை கட்டுவது எவ்வளவு எரிச்சல் என்று ஒருமுறை போனால் தெரியும்.

மொத்தம் மூன்று போதும். ஒரு மணி நேரம் பறக்கவிட்டால் கண்ணும் கழுத்தும் ஓய்வு கேட்கும், நாலாவது பெரும்பாலும் பையிலேயே இருக்கும். இன்னும் ட்ரோனே வாங்கவில்லை என்றால் மூன்று பேட்டரி, அவற்றை ஒன்றாக மாட்டிச் சார்ஜ் ஏற்றும் சார்ஜிங் ஹப், பை எல்லாம் சேர்ந்த காம்போவையே பாருங்கள். தனித்தனியாக வாங்குவதைவிடக் கட்டுப்படியாகும்.

விலை குறைவாகக் கிடைக்கிற போலி பேட்டரி மட்டும் வேண்டாம். போலி மெமரி கார்டு படத்தோடு போகும், போலி பேட்டரி ட்ரோனையே கொண்டுபோகும். தரமில்லாத பேட்டரியில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே மின்னழுத்தம் சட்டென்று சரியும். ட்ரோன் பட்டம் மாதிரி மிதந்து மிதந்து இறங்காது. மோட்டார் நின்றால் தேங்காய் மாதிரிதான் விழும். பழைய பேட்டரியைக் கைமாற்றாக வாங்குவதானால் அதை ட்ரோனில் போட்டு, செயலியில் எத்தனை முறை சார்ஜ் ஏறியிருக்கிறது என்ற எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மதுரை வெயிலுக்கும் இந்தப் பேட்டரிகளுக்கும் ஆகவே ஆகாது. பல சின்ன ட்ரோன்களின் கையேட்டில் 40 டிகிரி செல்சியஸ்தான் மேல் வரம்பு. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் நிழலிலேயே அதைத் தொட்டுவிடும். மூடிய காருக்குள் எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நான் சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கு மேல் பறக்கவிடுவதில்லை. பறந்து இறங்கிய பேட்டரி கையில் சுடச்சுட இருக்கும். அதை அப்படியே சார்ஜில் போடாமல், நிழலில் வைத்து ஆறவிட்டுப் போடுங்கள்.

ஒரு வாரத்துக்கு மேல் பறக்கவிடப் போவதில்லை என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே, 60 சதவீதம் போல வைத்து எடுத்து வையுங்கள். முழுசாக ஏற்றி மாதக்கணக்கில் வைத்தாலும் கெடும், துடைத்து எடுத்த மாதிரி காலியாக வைத்தாலும் கெடும். எடுத்து வைக்க ஒரு தீத்தடுப்புப் பை வாங்கிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை. அக்கா வீட்டில் அவன் பேட்டரிகளைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தான். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. லித்தியம் பேட்டரி தீப்பிடிப்பது அபூர்வம்தான், ஆனால் பிடித்தால் அணைப்பது லேசில்லை. மேசையில் வைத்தால் ஆடுகிறது, ட்ரோனில் நுழைக்கும்போது இறுக்குகிறது என்றால் அது உப்ப ஆரம்பித்துவிட்டது. அன்றோடு அதை நிறுத்திவிட்டு, மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, குத்திப் பார்க்கவும் கூடாது.

சார்ஜர் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. பேட்டரியின் மேல் வாட்-அவர் என்று ஒரு எண் அச்சடித்திருக்கும், அதில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதன் அளவு அது. 7.7 வோல்ட், 2250 மில்லி ஆம்பியர்-அவர் என்றால் இரண்டையும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் சுமார் 17 வாட்-அவர். பழைய போனோடு வந்த 10 வாட் சார்ஜரில் போட்டால் ஒரு பேட்டரிக்கே இரண்டு மணி நேரம் ஆகும். மூன்றும் ஏற ஒரு பகல் போய்விடும். 30 வாட் சார்ஜர் ஒன்று வாங்கினால், ட்ரோன் அவ்வளவு வேகத்தை ஏற்காவிட்டாலும் போனுக்காவது ஆகும். மாதாந்திர பராமரிப்புக்காகக் காலை ஒன்பதுக்குப் போகிற கரண்ட் எப்போது வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம், அதனால் முந்தின ராத்திரியே ஏற்றி வைத்துவிடுவது என் வழக்கம். 20,000 மில்லி ஆம்பியர்-அவர் பவர் பேங்க் வைத்திருந்தால், இழப்பெல்லாம் போக, இந்த அளவு பேட்டரியை மூன்று தடவை ஏற்றும். அதற்கென்று தனியாக வாங்க வேண்டாம். இருப்பது வேகமாகச் சார்ஜ் கொடுக்கிற வகையா என்று மட்டும் பாருங்கள்.

சென்னைக்கு விமானத்தில் எடுத்துப் போனால் பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், ஏற்றி அனுப்புகிற பெட்டியில் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-அவர் என்பதால் இந்தச் சின்னப் பேட்டரிகளுக்குப் பிரச்சினை வராது.

இறக்கை: விரலால் தடவிப் பாருங்கள்

அடுத்த செலவு இறக்கை. நாலும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் இரண்டு வகை. எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டும் ஒரு திசையில் சுற்றும், மற்ற இரண்டும் எதிர்த்திசையில். அப்படிச் சுற்றினால்தான் ட்ரோன் பம்பரமாகத் தானே சுழலாமல் நேராக நிற்கும். அதனால் ஒரு வகை இறக்கையில் சின்னக் குறி போட்டிருப்பார்கள், அதே குறி மோட்டாரிலோ அதைத் தாங்கும் ட்ரோனின் கையிலோ இருக்கும்.

இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வறண்ட கண்மாயில், உடைந்த இறக்கைக்குப் பதில் அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்து மாட்டினேன். ரிமோட்டின் குச்சியைத் தள்ளியதும் ட்ரோன் ஒரு பக்கமாக எக்கி, கரணம் அடித்து, செம்மண்ணில் தலைகீழாக விழுந்து 'டர்ர்' என்று மண்ணைக் கிளறியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கோழியா தம்பி, மண்ணுல குளிக்குது?" என்றார். மிச்சமிருந்த மூன்று இறக்கையும் அன்றோடு போயின.

ஆகவே இரண்டு செட் எப்போதும் பையில் இருக்கட்டும், அதற்குரிய குட்டி ஸ்க்ரூ டிரைவரோடு. கம்பெனி இறக்கையே வாங்குங்கள், இங்கே மிச்சம் பிடிக்கிற காசு வீண். பறக்கவிடும் முன் ஒவ்வொரு இறக்கையின் விளிம்பையும் விரல் நகத்தால் மெதுவாகத் தடவிக்கொண்டே வாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே ஒரு கீறல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல்தான் வீடியோவில் மெல்லிய நடுக்கமாகத் தெரியும். ஒரு தகடு சேதமானால் அதே மோட்டாரில் உள்ள இரண்டு தகடுகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் ட்ரோனே வராத மாடலுக்குக் கடைக்காரர் எத்தனை நாள் உதிரி வைத்திருப்பார்? அதனால் ட்ரோன் வாங்கும் முன்பே அந்த மாடலுக்குப் பேட்டரியும் இறக்கையும் கடையில் கையிருப்பு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

மெமரி கார்டில் ஏமாந்த கதை

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் நடந்து போனாலே மெமரி கார்டு வாங்கிவிடலாம். எது வாங்குவது என்பதில்தான் குழப்பம். கார்டின் மேல் பொடி எழுத்துகள் நிறைய இருக்கும். நமக்கு வேண்டியது வி30 என்ற எழுத்து. குறைந்தது நொடிக்கு 30 மெகாபைட் வேகத்தில் விடாமல் எழுதும் என்பதற்கு அது உத்தரவாதம். 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிகிற ட்ரோனுக்கு உண்மையில் 12.5 மெகாபைட் இருந்தாலே போதும், எட்டு மெகாபிட் சேர்ந்ததுதான் ஒரு மெகாபைட். அந்தக் கணக்கில் ஒரு நிமிடத்துக்கு 750 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஆக மூன்று பேட்டரிக்கும் சேர்த்து ஒரு 64 ஜிபி கார்டு தாங்கும். 256 ஜிபி ஒன்று வாங்குவதற்குப் பதில் 64 ஜிபி இரண்டு வாங்குவேன். ட்ரோன் தண்ணீரில் விழுந்தால் கார்டும் சேர்ந்துதானே போகும், காலையில் எடுத்ததாவது மிஞ்சும்.

ஒருமுறை ஒரு கடையில் பாதி விலைக்கு 128 ஜிபி கார்டு கிடைத்தது. பெட்டி, ஹோலோகிராம் எல்லாம் அச்சு அசல். அழகர் கோவில் மலையடிவாரத்தில் ஒரு காலை முழுக்கப் படம்பிடித்து வந்து கணினியில் போட்டால் முதல் சில கோப்புகள் திறந்தன, மற்றவை பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லை. உள்ளே இருந்தது 8 ஜிபி, வெளியே சொன்னது 128. அன்றிலிருந்து புதுக் கார்டு வாங்கினால் முதல் வேலையாகக் கணினியில் போட்டு முழுக் கொள்ளளவுக்கும் எதையாவது நிரப்பி, திரும்பத் திறந்து பார்க்கிறேன். இதற்கென்றே இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அப்புறம் கார்டை ட்ரோனுக்குள்ளேயே வைத்து ஃபார்மேட் செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

என்டி ஃபில்டர்: கேமராவுக்குக் கூலிங் கிளாஸ்

மருமகனின் பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருந்தது என்டி ஃபில்டர் செட். எதற்கென்று கேட்டேன். "எல்லாரும் போடுறாங்க மாமா" என்றான். அது போதாது, எதற்கு என்று தெரிந்துகொண்டு வாங்கினால்தான் பயன்படும்.

என்டி ஃபில்டர் என்பது நிறம் மாறாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கிற கண்ணாடி. வெளிச்சம் நிறைய இருப்பது நல்லதுதானே, ஏன் குறைக்க வேண்டும்? உங்கள் முகத்துக்கு முன்னால் கையை வேகமாக ஆட்டிப் பாருங்கள், விரல்கள் கலங்கித் தெரியும். அந்தக் கலங்கலால்தான் அசைவு நமக்கு இயல்பாகத் தெரிகிறது. வீடியோவிலும் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கலங்கல் இருந்தால்தான் ஒன்றோடொன்று இழைந்து ஓடும். அதற்கு ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சத்தை உள்ளே விடுகிற நேரம், படவீதத்தின் இரு மடங்கு அளவில் இருக்க வேண்டும் என்பது பழைய சினிமா வழக்கம். நொடிக்கு 25 படம் என்றால் ஷட்டர் ஐம்பதில் ஒரு நொடி.

இப்போது மதுரை வெயிலில் இறங்குவோம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறனை 100இல் வைத்து, லென்ஸ் துளை எஃப் 16 ஆக இருந்தால் (எண் பெரிதானால் துளை சின்னது), நூறில் ஒரு நொடி சரியாக இருக்கும் என்பது போட்டோகிராபர்களின் வாய்ப்பாடு. ஆனால் சின்ன ட்ரோன்களில் துளையைச் சுருக்க முடியாது, பலவற்றில் எஃப் 2.8 என்று நிலையாக இருக்கும். எஃப் 16 இலிருந்து எஃப் 2.8க்கு ஐந்து படி. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரண்டு மடங்கு, ஆக 32 மடங்கு. அதைச் சமாளிக்கக் கேமரா தானாக ஷட்டரை 3200இல் ஒரு நொடிக்குக் கொண்டுபோகும். நமக்கு வேண்டியதோ ஐம்பதில் ஒன்று. 3200ஐ 50ஆல் வகுத்தால் 64. வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காகக் குறைக்கிற ஃபில்டரின் பெயர்தான் என்டி 64. காலை ஏழு மணி வெயிலுக்கு என்டி 16 போதும், மேகமூட்டத்துக்கு என்டி 8. கணக்கு அவ்வளவுதான். உங்கள் லென்ஸ் எஃப் 1.7 என்றால் இன்னும் ஒன்றரை படி தேவைப்படும்.

ஆனால் எல்லாக் காட்சிக்கும் இது வேண்டியதில்லை. நூறு மீட்டர் உயரத்தில் நின்று யானைமலை படுத்திருப்பதைத் தொலைவிலிருந்து எடுத்தால் ஃபில்டர் போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. தென்னை உச்சிகளை உரசுகிற மாதிரி தாழ்வாகப் போகும்போது, போடாவிட்டால் ஓலைகள் வெட்டி வெட்டித் துள்ளும். புகைப்படத்துக்கு ஃபில்டரே தேவையில்லை. முதல் மாதம் இல்லாமலே பழகுங்கள். அப்புறம் 8, 16, 64 மூன்று மட்டும் வாங்கினால் போதும், ஆறு கொண்ட செட் வேண்டாம்.

வாங்கும்போது உங்கள் மாடலின் பெயர் போட்ட ஃபில்டரையே வாங்குங்கள். கேமராவைத் தாங்கும் கிம்பல், லென்ஸின் எடையை நுணுக்கமாகச் சமன் செய்து வைத்த தராசு மாதிரி. கனமான கண்ணாடியை மாட்டினால் அதன் மோட்டார்கள் சூடேறி, கிம்பல் ஓவர்லோட் என்று கத்தும். ட்ரோனை அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கண்மாய்த் தண்ணீரின் பளபளப்பைக் குறைத்து அடி தெரிய எடுக்க போலரைசர் என்று இன்னொரு வகை இருக்கிறது. சூரியனுக்கு எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதைப் பொறுத்து அதன் வேலை மாறிக்கொண்டே இருக்கும், தரையிலேயே திருப்பி வைத்துவிட்டுத்தான் ஏற்ற முடியும். எனக்குப் பொறுமை போதவில்லை.

தரையில் விரிக்க, தலைக்குப் பிடிக்க

ட்ரோன் கிளம்பும்போதும் இறங்கும்போதும் தன் காற்றாலேயே தூசியைக் கிளப்பி அதில் குளிக்கும். மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது, செம்மண்ணில் இருக்கும் இரும்புத் துகள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். லென்ஸில் படிகிற தூசி வேறு. அதனால் கீழே ஏதாவது விரிப்பது அவசியம். அதற்கு லேண்டிங் பேட் என்று ஆரஞ்சு நிறத்தில் வட்டமாக மடக்கி வைக்கிற ஒன்றை விற்கிறார்கள். நானும் வாங்கினேன். முதல் நாளே ட்ரோன் இறங்குகிற காற்றில் அதன் ஓரம் மடிந்து எழுந்து இறக்கையில் மாட்டியது. இப்போது நான் விரிப்பது காரின் ரப்பர் கால்மிதி. கனமாக இருக்கிறது, எழும்பாது. நெல் வயலில் வரப்பு ஓரமாக என்றால் நனைத்த சாக்கு இன்னும் நல்லது. நாலு மூலையிலும் கல் வைக்க மறக்க வேண்டாம்.

தூசியைத் துடைக்க ரப்பர் ஊதுகுழல் ஒன்று, மெல்லிய பிரஷ் ஒன்று, கண்ணாடி துடைக்கும் துணி ஒன்று போதும். மோட்டாருக்குள் தேங்காய் எண்ணெய், சைக்கிள் எண்ணெய் எதுவும் விடாதீர்கள். தூசியும் எண்ணெயும் சேர்ந்தால் உள்ளே பசையாகிவிடும்.

வெயிலில் போன் திரை தெரியவே தெரியாது. அதற்குச் சன் ஹுட் என்று ஒரு கறுப்புப் பெட்டியை விற்கிறார்கள். மாட்டினால் ரிமோட் முன்பக்கம் சாய்கிறது, போன் வேறு அதற்குள் வெந்துபோகிறது. சூடு அதிகமானால் போன் தானே திரையை மங்கலாக்கிவிடும். கூட வருகிறவர் கையில் ஒரு கறுப்புக் குடையைக் கொடுங்கள். நம் ஊரில் குடை இல்லாத வீடு ஏது? குடை பிடிக்க ஆள் வந்தால், நீங்கள் திரையைப் பார்க்கும்போது வானத்தைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண்ணும் கிடைக்கும். பருந்து வட்டமிடுகிறதா என்று அவர்தான் முதலில் பார்ப்பார். கரிச்சான் குருவியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். காக்கையையே துரத்துகிற பறவை அது, கூடு கட்டும் காலத்தில் ட்ரோனையும் விடாது. பறவை நெருங்கினால் சட்டென்று மேலே ஏற்றுங்கள், பெரும்பாலானவை அந்த வேகத்தில் செங்குத்தாக ஏறி வராது.

காற்றை அளக்கும் கருவியும் மருமகன் பட்டியலில் இருந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வளர்த்த ஊரில் இதற்குக் கருவியா? தரையில் புழுதியும் காகிதமும் கிளம்பினால் காற்று மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். இலையுள்ள சிறு மரங்கள் முழுசாக ஆட ஆரம்பித்தால் 29 முதல் 38. சின்ன ட்ரோன்களின் பெட்டியில் காற்று நிலை 5 தாங்கும் என்று போட்டிருப்பது இந்த இரண்டாவதைத்தான், அதுவும் திக்கித் திணறி. மேலே போகப் போகக் காற்று கூடும். புழுதி கிளம்பினாலே நான் பையை மூடிவிடுவேன். பறந்தே ஆக வேண்டும் என்றால் காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்பி வாருங்கள், பேட்டரி குறைந்த நேரத்தில் காற்று நமக்கு உதவும்.

ட்ரோனை எடுத்துப் போகிற பைக்காக அதிகம் செலவழிக்க வேண்டாம். காம்போவில் வருவதே போதும். பைக்கில் போகிறவர்களுக்கு மட்டும் உள்ளே பஞ்சு வைத்த கெட்டியான பெட்டி ஒன்று தேவைப்படலாம், நம் கிராமத்துச் சாலைகள் அப்படி. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். கிம்பல் மூடியைக் கழற்றாமல் ட்ரோனை ஆன் செய்யாதீர்கள். இதை எல்லோரும் ஒருமுறையாவது செய்வோம்.

இன்னொரு பொருள் கடையில் கிடைக்காது. உங்கள் போன் நம்பரை எழுதி ட்ரோனின் அடியில் ஒட்டிய சின்ன ஸ்டிக்கர். தோப்பில் தொலைந்த என் ட்ரோனை மூன்றாம் நாள் தேங்காய் வெட்ட வந்தவர் கூப்பிட்டுக் கொடுத்தார். காசில்லாத பொருள், எடையும் இல்லை.

அதோடு பறக்கும் முன், எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து பார்ப்பதையும் ஒரு துணைப்பொருளாகவே வைத்துக்கொள்ளுங்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அந்த உயரம் 200 அடியாகக் குறையும். 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே அனுமதி இல்லாமல் கூடாது. மதுரை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அவனியாபுரம், பெருங்குடிக்காரர்கள் மொட்டை மாடியில் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டால் பதில் இதுதான். கீழக்குயில்குடி சமணர் மலை மாதிரி தொல்லியல் துறை பாதுகாக்கிற இடங்களிலும் அனுமதி இல்லாமல் ட்ரோனை வெளியே எடுக்காதீர்கள், பச்சை என்று வரைபடம் காட்டினாலும்.

பட்டியலில் நான் அடித்தவை

இறக்கைக் காப்பு: வீட்டுக்குள்ளோ, குழந்தைகள் நடுவிலோ பழகும்போது நல்லது. வெளியே எடுத்துப் போனால் எடையும் ஏறும், காற்றும் அதைப் பிடித்துத் தள்ளும். முதல் வாரத்துக்கு மட்டும் யாரிடமாவது இரவல் வாங்கச் சொன்னேன். சிக்னலைக் கூட்டும் தகடு: கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் பறக்கவிட வேண்டும், அந்தத் தூரத்துக்கு ரிமோட்டே தாராளம். கால் உயர்த்தும் கட்டை: கால்மிதி விரித்தால் தேவைப்படாது. பூத்தூவும் கருவி: கல்யாண வீட்டில் அசத்தலாம் என்று நினைத்திருக்கிறான், 250 கிராம் ட்ரோன் தூக்குகிற பூ ஒருவர் தலைக்குக்கூடக் காணாது. ரிமோட் குச்சிக்கு வண்ணத் தொப்பி, உடம்புக்கு ஸ்டிக்கர் உறை: ஆசைதான், வேறென்ன.

கடைசியில் ஐந்துக்கு டிக் போட்டேன்: இரண்டு பேட்டரி, இரண்டு செட் இறக்கை, 64 ஜிபி கார்டு இரண்டு, தீத்தடுப்புப் பை, ஊதுகுழல். ஃபில்டர் தீபாவளிக்கு என் செலவில். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவன் ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, ட்ரோன் முதுகில் ஒட்டுகிற மின்னும் லைட். "பகலில் பறக்கவிடுகிறவனுக்கு அது எதற்குடா மாப்ள?" என்றேன். கேட்கவில்லை, எனக்குத் தெரியாமல் வாங்கிவிட்டான். போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன். அது இப்போது அவன் அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல் பின்னால் பச்சையும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருக்கிறது. ராத்திரி தோப்புக்குப் போய்வர வசதியாக இருக்கிறதாம்.